குடல் சொல்லி அனுப்பும் செய்தி



கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாருங்கள். பாயசம் பரிமாற வருகிறவர் முன்னால், நாலு இலைக்கு ஓர் இலை, கை ஒன்று குறுக்கே நீளும். "வேண்டாந் தம்பி, எனக்கு இனிப்பு நீர்" என்பார் பெரியவர். 2019இல் நம் நாட்டில் எடுத்த சுகாதார ஆய்வில், வயது வந்தவர்களுள் 100க்கு 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 31 பேர். காலை இழந்தவரும், இரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று முறை போகிறவரும் நம்மில் பலருடைய குடும்பத்தில் உண்டு.

இனிப்பு நீரைக் கணையத்தின் குறை என்றே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். கணையம் இன்சுலின் சுரக்கிறது. அது போதாமலோ சரியாக வேலை செய்யாமலோ போனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இது உண்மைதான். ஆனால் இதில் குடலுக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை உலகம் ஒத்துக்கொள்ள ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

1902 ஜனவரியில், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அதற்குள் சிறிது அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லாத நிலையிலும் கணையம் செரிமான நீரைச் சுரந்தது. அப்படியானால் குடல் இரத்தத்தின் வழியாகவே செய்தி அனுப்புகிறது என்று கண்டார்கள். 1905இல் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்று பெயரிட்டார். 1906இலேயே லிவர்பூல் மருத்துவர்கள், குடல் உட்தோலின் சாற்றை இனிப்பு நீர்க்காரர்களுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 1921இல் டொராண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டதும் எல்லாருடைய கவனமும் கணையத்தின் பக்கம் போய்விட்டது. உயிர் காக்கும் மருந்து கையில் கிடைத்த பிறகு குடலை யார் நினைப்பார்கள்?

1964இல் குடலின் பேச்சு மறுபடியும் எழுந்தது. ஒரே அளவு சர்க்கரையை நரம்பில் ஏற்றுவதைவிடக் குடல் வழியாகச் செலுத்தினால் இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். விருந்தாளி வருமுன் வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவோமே, அந்த வேலையைக் குடல் செய்கிறது. சொல்லி அனுப்பும் ஆள்தான் குடல் ஹார்மோன். அவற்றுள் முக்கியமான ஜிஎல்பி-1 என்பது 1980களில் கண்டறியப்பட்டது. இன்சுலினைத் தூண்டுவது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது, வயிறு நிறைந்தது என்று மூளைக்கு உணர்த்துவது எல்லாம் அதன் வேலை.

இதற்கிடையே அறுவை மருத்துவர்கள் வேறு பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். குடற்புண்ணுக்காக இரைப்பையை வெட்டியவர்களுக்கு உடல் பருப்பதில்லை என்பதைக் கவனித்த அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் மேசன், 1966இல் எடை குறைக்கவென்றே ஓர் அறுவையைத் தொடங்கினார். அதன் பிற்கால வடிவத்தில், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். சோறு முன்சிறுகுடலைத் தொடாமலே கீழே இறங்குகிறது. ஜிஎல்பி-1 சுரக்கும் செல்கள் பெருமளவில் இருப்பது குடலின் கீழ்ப்பகுதியில்தான்.

1995இல் வால்டர் போரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தம் கணக்கை வெளியிட்டார். அறுவை செய்துகொண்ட இனிப்பு நீர்க்காரர் 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை சீரானது. எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கியதுதான் ஆச்சரியம். கட்டுரையின் தலைப்பிலேயே அவருடைய வியப்பு தெரிந்தது. 2004இல் ருபினோ என்பவர், பருமனே இல்லாத இனிப்பு நீர் எலிகளில் இரைப்பையைத் தொடாமல் குடல் வழியை மட்டும் மாற்றினார். சர்க்கரை கட்டுப்பட்டது. அறுவைக்குப் பிந்திய நாட்களில் சாப்பாடு மிகக் குறைவு என்பதால்தான் சர்க்கரை முதலில் இறங்குகிறது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு; அதையும் தள்ளிவிட முடியாது.

இந்த வரலாற்றில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். இளவயதில் வறுமையால் குடும்பத்தோடு மலேசியா வந்து தோட்டத்தில் உழைத்தவர் சி. பழனிவேலு. பிறகு தமிழகம் திரும்பி, விட்ட படிப்பைத் தொடர்ந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, சிறு துளை வழியாகச் செய்யும் அறுவையில் பெயர் பெற்றார். கோயம்புத்தூரில் அவர் நிறுவிய ஜெம் மருத்துவமனைக் குழு, இரைப்பையைச் சிறிதாக்கி முன்சிறுகுடலையும் விலக்கும் அறுவையின் முதல் முடிவுகளை 2012இல் வெளியிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஆனால் அறுவை மந்திரக்கோல் அல்ல. அமெரிக்காவில் 150 பேரை வைத்து நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வந்தது. மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களில் 100க்கு 29 பேர் சர்க்கரை இலக்கை எட்டியிருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 பேர். வித்தியாசம் பெரிது என்றாலும், அறுவை செய்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் இலக்கை எட்டவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுதும் வைட்டமின் மாத்திரை வேண்டும். இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் வியர்த்து, படபடத்து மயக்கம் வரும்.

கத்தி வைக்காமலே குடலின் செய்தியைக் கொடுக்கும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. 2005இல் வந்த முதல் மருந்துக்கு, ஒரு பாலைவனப் பல்லியின் எச்சிலில் இருந்த பொருளே மூலம்.

2016இல் உலக மருத்துவச் சங்கங்கள் கூடி ஒரு பரிந்துரை வெளியிட்டன. ஆசியர்களுக்கு எடைக் கணக்கைத் தாழ்த்தி வைத்தார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு எடை 70 கிலோவைத் தாண்டி, மருந்து ஒழுங்காக எடுத்தும் சர்க்கரை அடங்காவிட்டால், அறுவை பற்றி யோசிக்கலாம் என்பது அதன் சாரம். பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இவ்வறுவை நடக்கிறது. உங்கள் கிளினிக்கில் அடுத்த முறை இரத்தம் எடுக்கப் போகும்போது இதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். எடை, சர்க்கரை, எடுக்கும் மருந்து எல்லாவற்றையும் பார்த்து அவர் வழி சொல்வார்.