இடம் காக்க வந்தவர்

பங்குத்தந்தை ஆண்டுத் தியானத்திற்கோ விடுமுறைக்கோ புறப்படும் வாரத்தில் நம் கோவில்களில் ஓர் அறிவிப்பு வாசிக்கப்படும். ஞாயிறு திருப்பலியைப் பக்கத்துப் பங்கின் தந்தை நிறைவேற்றுவார். நோயில்பூசுதலுக்கு இன்னாரை அழைக்கவும் என்பது அதன் சாரம். நாம் அதை அரைக் காதில் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். போனவர் வரும்வரை அவ்விடத்தில் ஒருவர் இருப்பார் என்பது நமக்கு அவ்வளவு இயல்பாகிவிட்டது.

ஆனால் அது இயல்பாக அமைந்ததன்று. ஐரோப்பாவில் ஒருவரே பல பங்குகளின் வருவாயை வாங்கிக்கொண்டு நகரத்தில் வாழ்வதும், குறைந்த கூலிக்கு யாரோ ஒருவரை அங்கே அமர்த்துவதும் நெடுங்காலம் நடந்த கேடு. திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் இதற்கு ஒரு வரம்பு கட்டியது. பங்கைவிட்டுச் செல்பவர் ஆயரின் ஒப்புதல் பெற்ற தகுதியான பதில் குரு ஒருவரை விட்டுச்செல்ல வேண்டும். அவருக்கு உரிய ஊதியம் தர வேண்டும். தக்க காரணமின்றி இரண்டு மாதத்துக்குமேல் வெளியே தங்கலாகாது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை ஒரு மாதமாகச் சுருக்கிற்று. வருபவருக்கு உறுதி கூறுபவர் யார், ஊதியம் தருபவர் யார், எத்தனை நாள் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை அதில் இருக்கிறது.

இந்த மூன்று கேள்விகளையும் நான் நினைத்துப் பார்க்க நேர்ந்தது மருத்துவர்களின் வரலாற்றைப் படிக்கையில்தான். ஊரைவிட்டுப் போகும் மருத்துவரின் இடத்தில் சில நாள், சில வாரம் அமர்ந்து அவர் நோயாளிகளைப் பார்ப்பவரை ஆங்கில நாட்டார் ‘லோக்கம்’ என்பர். ‘இடத்தைப் பிடித்திருப்பவர்’ என்று பொருள்படும் ‘லோக்கும் தெனென்ஸ்’ என்ற இலத்தீன் தொடரின் குறுக்கம் அது. படையில் வழங்கும் ‘லெப்டினன்ட்’ என்ற சொல்லும் பிரெஞ்சு வழியாக அதே பொருளில் பிறந்ததே. தமிழில் பதில் மருத்துவர் என்று சொல்லலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு மருத்துவரின் ‘பிராக்டிஸ்’ என்பது சொத்து. அவரிடம் வழக்கமாக வரும் குடும்பங்கள், அவர் ஈட்டிய நற்பெயர், வீட்டு வாசலில் தொங்கும் பித்தளைப் பலகை எல்லாம் சேர்ந்து விலை பெறும். ஓய்வு பெறுபவர் இளையவருக்கு விற்பார். கடன் வாங்கி வாங்கியவர் அதை அடைக்கப் பல ஆண்டு உழைப்பார். அப்படிப்பட்டவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன செய்வது? கடையைப் பூட்டுவதுபோல் பூட்டிவிட்டுப் படுக்க இயலாது. நோயாளிகள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்புவார்கள் என்பதற்கு உறுதியில்லை. வேறொருவரை அமர்த்தினாலும் அச்சமே. வந்தவர் கெட்டிக்காரராக இருந்தால் நோயாளிகள் அவரையே விரும்பிவிடுவர். மூன்று மாதம் கழித்து அவரே எதிர்த் தெருவில் பலகை தொங்கவிடலாம். எனவே இத்தனை ஆண்டுக்கு, இத்தனை மைல் சுற்றளவில் தொழில் நடத்தமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கம் வந்தது. திறமையற்றவர் வந்தால் பெயர் போகும். திறமையானவர் வந்தால் பிழைப்பே போகும்! இந்த இருதலைக் கொள்ளியை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது.

நம்மில் பலர் பள்ளி நாளில் படித்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் இதன் சாயலைக் காணலாம். நண்பர் அழைத்ததும் வாட்சன் நோயாளிகளை விட்டுவிட்டு ரயிலேறுகிறாரே, அவர்கள் கதி என்ன என்று நான் சிறுவயதில் வியந்ததுண்டு. கதாசிரியர் அதற்கும் விடை வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு மருத்துவர் வெளியூர் போகும்போது வாட்சன் அவருடைய நோயாளிகளைப் பார்ப்பார். அந்தக் கடனை அவர் திருப்பிச் செலுத்துவார். ஆர்தர் கோனன் டாயில் மருத்துவ மாணவராக இருந்தபோதே பர்மிங்காம் முதலிய இடங்களில் மருத்துவர்களிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். இந்த உலகம் அவருக்குக் கேள்விச் செய்தியன்று.

அண்டை வீட்டார் உதவாதபோது இலண்டனில் தரகர்கள் இருந்தார்கள். பிராக்டிஸ்களை விற்றுக் கொடுப்பதும், உதவியாளரையும் பதில் மருத்துவரையும் பிடித்துத் தருவதும் அவர்கள் தொழில். மருத்துவ வார இதழ்களின் விளம்பரப் பக்கங்களிலும் இத்தகைய தேவைகள் வரிசையாக வெளிவந்தன. வருபவர் உண்மையிலேயே மருத்துவர்தானா என்பதே முதலில் பெரிய கேள்வி. 1858-ஆம் ஆண்டுச் சட்டம் தகுதி பெற்றோரின் பெயர்ப் பதிவேட்டை உண்டாக்கியது. அதன் பின்னும் பட்டம் பெறாத உதவியாளரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் வழக்கம் நீடித்தது. குறைந்த சம்பளமே காரணம். மருத்துவர்களைப் பதிவு செய்யும் கழகம் நூற்றாண்டின் இறுதியில்தான் இதைத் தொழில்முறைக் குற்றமாகக் கண்டித்து அடக்கிற்று. திரெந்துச் சங்கம் கடிந்த அதே கேடு, வேறு உடையில்.

இவையெல்லாம் அண்டை வீட்டில் மற்றொரு மருத்துவர் இருக்கும் ஊர்களின் கதை. அண்டையே இல்லாத இடங்களும் உண்டு.

ஸ்காட்லாந்தின் வடமேற்கே மலைப்பகுதியும் தீவுகளும் பரந்து கிடக்கின்றன. கல்லும் சேறுமான நிலத்தில் சிறு காணி வைத்துப் பயிரிட்டும், மீன் பிடித்தும் பிழைத்த மக்கள். 1911-இல் பிரிட்டிஷ் அரசு தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தபோது அதன் பயன் இவர்களுக்குப் பெரும்பாலும் எட்டவில்லை. காப்புறுதி கூலி வாங்குவோருக்கானது. இவர்களோ கூலி வாங்கியவர்களல்லர். எனவே 1912-இல் இப்பகுதியின் மருத்துவ நிலையை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் சர் ஜான் டூவர். புகழ்பெற்ற விஸ்கி வணிகக் குடும்பத்தின் மூத்தவர். இன்வெர்னஸ் வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். விஸ்கி வணிகர் மருத்துவத்தை ஆராய்வதா என்று புன்னகைக்கத் தோன்றும். அவர் குழு செய்த வேலையோ மிக நேர்மையானது. ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டது.

அவர்கள் கண்டது இரு பக்கத் துன்பம். மருத்துவரை அழைக்கக் காசின்றி மக்கள் இறந்தனர். மருத்துவரும் வறுமையில் இருந்தார். நல்ல வீடில்லை, ஊர் மன்றம் எப்போது வேண்டுமானாலும் வேலையைவிட்டு நீக்கலாம். படகிலும் குதிரையிலும் நடையிலுமாக ஒரு நோயாளியைப் பார்த்து வர ஒரு நாள் கழிந்துவிடும். விடுப்பு என்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்காக உழைத்தவர்கள் இருந்தனர். பதில் மருத்துவர் தெற்கேயிருந்து கப்பலேறி வரவேண்டும். அந்தச் செலவை அம்மருத்துவரின் வருமானம் தாங்காது. தாய் இறந்தாலும் போகமுடியாத நிலை என்று சொன்னால் மிகையாகாது.

இத்தீவுகளில் பாரா, தென் யுயிஸ்ட், எரிஸ்கே ஆகியவை சமயச் சீர்திருத்தக் காலத்துக்குப் பின்னும் கத்தோலிக்க விசுவாசத்தில் நிலைத்தவை. அங்கே குருவின் நிலையும் மருத்துவரின் நிலைதான். அருள்தந்தை ஆலன் மக்டொனால்ட் 1884 முதல் தென் யுயிஸ்ட் பங்கில் பணியாற்றினார். மழையிலும் காற்றிலும் நெடுந்தொலைவு நடந்து நோயாளிகளைச் சந்தித்ததில் அவர் உடல் நொறுங்கியது. ஆயர் அவரை 1893-இல் சிறிய எரிஸ்கேவுக்கு மாற்றினார். அங்கே மக்களின் பாடல்களையும் கதைகளையும் தொகுத்த அந்த அறிஞர், 46 வயது நிறைவதற்குள் 1905-இல் மறைந்தார். அவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழு ஓய்வு தர யாராவது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

டூவர் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1913-இல் தனிச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 42,000 பவுன் அரசுக் கருவூலத்திலிருந்து ஒதுக்கப்பட்டது. மருத்துவருக்குக் குறைந்தபட்ச வருமானம் உறுதியாயிற்று. எவ்வளவு தொலைவாயினும் நோயாளி செலுத்த வேண்டியது ஒரே சிறு கட்டணம். பயணச் செலவு அரசினது. வீடு, செவிலியர், பின்னர் தொலைபேசி ஆகியவற்றுக்கும் உதவி கிடைத்தது. இவற்றோடு, மருத்துவர் விடுப்பில் போகும்போது பதில் மருத்துவரை அமர்த்தும் செலவுக்கும் வழி பிறந்தது. வரலாற்று நூல்கள் இந்தக் கடைசிச் செய்தியை ஒரு வரியில் கடந்துவிடும். எனக்கோ அதுவே முதன்மையாகப் படுகிறது. அதுவரை பதிலாள் என்பவர் ஒரு மருத்துவர் தம் சொத்தைக் காக்கத் தேடிக்கொண்டவர். இப்போது அவர் ஒரு தீவின் மக்களுக்காக அனுப்பப்பட்டவர். கேள்வியே மாறிவிட்டது.

அடுத்த ஆண்டே போர் மூண்டது. 1918-க்குள் பிரிட்டிஷ் மருத்துவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் படைப்பணிக்குச் சென்றனர். அவர்களுடைய நோயாளிகளை ஊரில் எஞ்சிய மருத்துவர்கள் பார்த்துக்கொண்டனர்; கட்டணத்தைப் போர்முனையில் இருப்பவரோடு பகிர்ந்துகொள்வதென்றும், திரும்பியதும் நோயாளிகளைத் திருப்பி ஒப்படைப்பதென்றும் உடன்படிக்கைகள் செய்தனர். ஓய்வு பெற்ற முதியவர்கள் மீண்டும் பையைத் தூக்கினார்கள். அதுவரை தயக்கத்தோடு பார்க்கப்பட்ட பெண் மருத்துவர்களுக்கும் எங்கும் அழைப்பு வந்தது. போர் முடிந்ததும் அந்தக் கதவு வேகமாகச் சாத்தப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போர்க்காலத்தில் மாணவியரைச் சேர்த்த இலண்டன் மருத்துவக் கல்லூரிகள் சில, 1920-களில் மீண்டும் அவர்களை மறுத்தன. இடம் காத்தவர்களுக்கு இடமில்லை!

1948 ஜூலை 5-இல் தேசிய நலச் சேவை தொடங்கியது. பிராக்டிஸை விற்பது சட்டத்தால் நின்றது. அதுவரை அதைச் சொத்தாகக் கருதியவர்களுக்கு ஈடாக 6 கோடியே 60 லட்சம் பவுன் ஒதுக்கப்பட்டது. நோயாளிகளைப் பதிலாள் களவாடிவிடுவார் என்னும் பழைய அச்சத்தின் வேர் அதோடு அறுந்தது எனலாம். பதிலாளின் தேவை மட்டும் குறையவில்லை. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை நாடுகளிலிருந்து சென்ற மருத்துவர்களே பின்னாளில் அச்சேவையின் தூண்களாயினர். தமிழர்களும் அவர்களில் உண்டு. நிலையான பதவி கிடைக்கும்வரை ஊர் ஊராக வாரக்கணக்கில் பதில் வேலை பார்த்து, பெட்டியை முழுவதும் அவிழ்க்காமலே ஆண்டுகளைக் கழித்தவர்கள் அவர்களில் பலர்.

அமெரிக்காவில் இது வேறு வழியில் வளர்ந்தது. மேற்கு மாநிலங்களின் சிற்றூர் மருத்துவமனைகளுக்கு மருத்துவர்களை அனுப்ப யூட்டா பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நிதியுதவியுடன் நடந்த முயற்சியிலிருந்து, 1979-இல் சால்ட் லேக் நகரில் ஒரு நிறுவனம் பிறந்தது. நிறுவியவர்களுள் ஒருவர் தெரஸ் கோல்ஃப். செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கிய வில்லெம் கோல்ஃபின் மகன். பட்டத்தையும் உரிமத்தையும் சரிபார்ப்பது, பயணமும் தங்குமிடமும் ஏற்பாடு செய்வது, தவறு நேர்ந்தால் ஈடுசெய்யும் காப்புறுதி எடுப்பது ஆகியவற்றை அத்தகைய நிறுவனங்கள் தம் பொறுப்பில் கொண்டன. தனி மருத்துவர் ஒருவர் செய்யமுடியாத வேலை இது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஏழைச் சிற்றூருக்காகத் தொடங்கியது விரைவில் பெருந்தொழிலாயிற்று. வேறு வழியில்லாத ஊர்தான் அதிக விலை கொடுக்கிறது.

உறுதி கூறுபவர் யார் என்ற கேள்வி தளர்ந்தால் என்ன நேரும் என்பதை இங்கிலாந்து 2008-இல் கண்டது. 2004 முதல் குடும்ப மருத்துவர்கள் இரவு, வார இறுதிப் பணியிலிருந்து விலகிக்கொள்ள இடமளிக்கப்பட்டிருந்தது. அந்நேரங்களுக்குப் பதில் மருத்துவர்கள் தேவைப்பட்டனர். ஜெர்மனியிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர், அந்நாட்டில் தாம் பார்த்த முதல் பணிநாளிலேயே, வலியால் துடித்த 70 வயது முதியவருக்கு டயமார்ஃபின் மருந்தை உரிய அளவைப்போல் பத்து மடங்கு செலுத்தினார். முதியவர் இறந்தார். ஆங்கில அறிவு போதாதென்று ஒரு வட்டார அமைப்பு அவரை ஏற்க மறுத்திருந்தது. மற்றொன்று பட்டியலில் சேர்த்துக்கொண்டது. எல்லா அலுவலகங்களிலும் தாள்கள் இருந்தன. அவரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாட்டு மருத்துவர்களின் மொழியறிவைச் சோதிக்கும் அதிகாரம் பதிவுக் கழகத்துக்கு 2014-இல்தான் கிடைத்தது.

மீண்டும் அந்தத் தீவுகளுக்கே வருகிறேன். 2019-ஆம் ஆண்டளவில் ஸ்காட்லாந்தின் வடக்கு, மேற்குத் தீவுகளும் மலைப்பகுதியும் சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கின. நகரங்களில் நெடுநாள் பணியாற்றிச் சலித்த, ஓய்வை நெருங்கிய குடும்ப மருத்துவர்களைத் தேடிப் பிடித்து, ஆண்டில் சில வாரங்கள் தீவில் பணியாற்ற அழைத்தனர். பொது மருத்துவத்தின் மகிழ்ச்சியை மீண்டும் கண்டடைய வாருங்கள் என்பதே அழைப்பின் பெயர். இயன்றவரை அதே மருத்துவர் அதே ஊருக்குத் திரும்பி வரவேண்டும் என்பதும் நோக்கம். இரண்டாம் முறை கதவைத் தட்டும்போது அவர் அந்நியரல்லர். மூதாட்டியின் பழைய இருமலை அவர் காது அறியும்.

எரிஸ்கேவுக்கு 2001 முதல் கடல்மேல் பாதை இருக்கிறது. பாராவில் விமானத்தளம் என்பது கடற்கரை மணல்தான். அங்கே வரும் பதில் மருத்துவர், விமானத்தில் வருவாரானால், கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துத்தான் இறங்க முடியும்.