சுவரில் இருப்பது எந்த மானின் கொம்பு?

தோல் ஊர்க்காரர்களான நமக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலூரானாலும் ஆம்பூரானாலும், பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்தே ஆடா, மாடா, எருமையா என்று சொல்லிவிடும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் பழைய வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கொம்பை மட்டும் பொதுவாக 'மான் கொம்பு' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அதில் இரண்டு ஜாதி உண்டு.

கிளை விட்டிருந்தால் அது புள்ளிமான் அல்லது கடமான் கொம்பு. அது ஆண்டுதோறும் விழுந்து, மறுபடி முளைக்கும். கிளையில்லாமல், முறுக்கிய கயிறு போலத் திருகி நீண்டிருந்தால் அது வெளிமான் கொம்பு. ஆடு, மாட்டின் கொம்பைப் போல உள்ளே எலும்பும் மேலே உறையும் கொண்டது. உயிரோடு இருக்கும்வரை விழாது. ஆகவே புள்ளிமான் கொம்பு காட்டில் பொறுக்கியதாகவும் இருக்கலாம். வெளிமான் கொம்பு சுவரில் இருந்தால் ஒரு மான் செத்திருக்கிறது என்றே பொருள்.

வெளிமானுக்குப் புல்வாய், இரலை, திருகுமான் என்றும் பெயர்கள். ஆப்பிரிக்கச் சமவெளிகளில் கூட்டமாக மேயும் மான்களின் உறவினம் இது. அடர்ந்த காடு இதற்கு ஆகாது. வெட்டவெளிப் புல்தரைதான் வேண்டும். வளர்ந்த ஆணுக்கு மேலே கறுப்பு, வயிறு வெள்ளை. ஓட்டத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொடும்.

இத்தனை வேகத்தைப் பிடிக்க மன்னர்கள் சிவிங்கிப்புலியைப் பழக்கினார்கள். கண்ணைக் கட்டி மாட்டுவண்டியில் ஏற்றிப் போவார்கள். மாட்டுவண்டியைப் பார்த்துப் பழகிய மான் மிரளாது. கூட்டத்தை நெருங்கியதும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். சில நூறு கஜ ஓட்டத்திலேயே விஷயம் முடிந்துவிடும். அந்தத் தூரத்துக்குள் பிடிக்காவிட்டால் சிவிங்கி மூச்சு வாங்கி நின்றுவிடும், மான் தப்பித்துவிடும்.

சென்னை கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட் ஒரு சிவிங்கியை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசளித்தார். 1764-ல் வின்ட்சர் பூங்காவில் அதை ஒரு கலைமான் மீது ஏவினார்கள். அந்த மான் முட்டித் தள்ளிவிட்டது! உடன் சென்ற இரண்டு இந்தியப் பணியாளர்களோடு அந்தச் சிவிங்கியை ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த ஓவியம் இன்றும் மான்செஸ்டரில் இருக்கிறது.

திப்பு சுல்தானிடமும் வேட்டைச் சிவிங்கிகள் இருந்தன. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அவற்றில் சில லண்டனுக்குப் போயின. அவருடைய பிள்ளைகளோ நம் வேலூர்க் கோட்டைக்குள் வந்து சேர்ந்தார்கள். 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தியச் சிவிங்கி அரிதானதும், சமஸ்தானங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அவற்றை இறக்குமதி செய்து வெளிமான் வேட்டையைத் தொடர்ந்தன. கடைசி மூன்று இந்தியச் சிவிங்கிகளை 1947-ல் கொரியா மகாராஜா சுட்டார் என்பது பதிவு. 1952-ல் அந்த இனம் இந்தியாவில் அற்றுப்போனதாக அரசே அறிவித்தது. 2022-ல் குனோவுக்கு வந்த எட்டுச் சிவிங்கிகளும் நமீபியாவின் பிள்ளைகள்தாம்.

சிவிங்கி போனதால் வெளிமானுக்கு நிம்மதி வந்துவிடவில்லை. துப்பாக்கியும், இரவில் விளக்குப் போட்டுத் துரத்தும் ஜீப்பும் வந்தன. அதைவிடப் பெரிய அடி, புல்வெளிகள் வயலாகவும் மனையாகவும் மாறியது. துப்பாக்கிக்குத் தப்பியதற்கும் மேய இடமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்தது. தமிழ்நாட்டில் கோடியக்கரை (1967), வல்லநாடு (1987) சரணாலயங்களிலும், கிண்டியிலும், சத்தியமங்கலம் பக்கத்திலும் இன்று பார்க்கலாம்.

ஒரு வேடிக்கை: அமெரிக்காவின் டெக்சாஸுக்கு 1930-களில் கொண்டுபோன நம் வெளிமான் அங்கே பெருகிவிட்டது. பண்ணைகளில் பணம் கட்டி அதைச் சுடுகிறார்கள். இங்கே சுட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் சிறை.

கொம்புக்கும் மான்தோலுக்கும் சட்டம் உண்டு. 2003-ல், வைத்திருப்பவர்கள் அறிவிக்க 180 நாள் அவகாசம் தந்தார்கள். உரிமைச் சான்று இருந்தாலும் விற்கக்கூடாது, பிறருக்குக் கொடுக்கக்கூடாது. வாரிசுக்கு வரலாம், அவரும் 90 நாளுக்குள் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே நண்பர்களே, வீட்டில் தாத்தா காலத்துக் கொம்பு இருந்தால், பரணில் சான்றிதழும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் "இது எப்படி வந்தது?" என்று கேட்டால், பொறுக்கியதா, கொன்றதா என்பதைக் கொம்பின் வடிவத்தைக் காட்டியே சொல்லிக்கொடுங்கள்.