தடம் காட்டாத படங்கள்

பாலைவன மோட்டார் பந்தயங்களின் புகைப்படங்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறவர்களுக்கு ஒரு குழப்பம் நேர்ந்திருக்கும். மஞ்சள் மணல்மேடு, அதன் முகட்டில் முன்சக்கரம் அந்தரத்தில் நிற்க ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் வால்போல் நீளும் புழுதி, மேலே மேகமற்ற நீலம். அது எந்த நாடு என்று கேட்டால், படத்தின் அடிக்குறிப்பைப் படிக்காமல் நம்மால் சொல்ல இயலாது. நைஜர், மொரிட்டானியா, பெரு, சவூதி அரேபியா என எதை எழுதியிருந்தாலும் நம்பிவிடுவோம். வழி கண்டுபிடிப்பதையே உயிராகக் கொண்ட ஒரு பந்தயம், பார்ப்பவருக்கு எந்த வழியும் பிடிபடாத படங்களை விட்டுச் சென்றிருக்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது என்று சற்றே பின்னோக்கிப் பார்க்கலாம்.

பந்தயம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னரே படம் பிறந்துவிட்டது. 1922 டிசம்பரில் சித்ரோயென் நிறுவனத்தின் ஐந்து ஊர்திகள் அல்ஜீரியாவின் துக்குர்த்திலிருந்து புறப்பட்டு, 1923 ஜனவரி 7 அன்று திம்பக்து போய்ச் சேர்ந்தன. பின்சக்கரங்கள் இருக்கவேண்டிய இடத்தில் டாங்கிகளில் இருப்பதுபோன்ற சுழல்பட்டைகள் பொருத்தப்பட்ட ஊர்திகள் அவை. பயணத்தோடு படப்பிடிப்புக் கருவியும் சென்றது. அடுத்து 1924-25இல் அதே நிறுவனம் ஆப்பிரிக்கா முழுவதையும் கடக்கும் பயணத்தை ஏற்பாடு செய்தபோது, திரைப்பட இயக்குநர் லெயோன் புவாரியேவும் ஓவியர் அலெக்சாந்தர் யாக்கோவ்லெவும் குழுவிலேயே இடம்பெற்றனர். ஈஃபல் கோபுரத்தில் மின்விளக்குகளால் தம் பெயரை எழுதிவைத்த ஆந்த்ரே சித்ரோயெனுக்கு, கார் விற்பதற்குப் பாலைவனம் எவ்வளவு உதவும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அன்று அந்நிலங்களில் பெரும்பகுதி பிரான்சின் ஆட்சியில் இருந்தது என்பதையும் மறந்துவிடக்கூடாது. தன் வீட்டுக் கொல்லையைப் படமெடுக்கும் உரிமையாளரின் பார்வை அது.

1977இல் அபிஜான்-நீஸ் பந்தயத்தில் கலந்துகொண்ட தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர், லிபியப் பாலைவனத்தில் மோட்டார் சைக்கிளோடு வழி தவறினார். செத்துப் பிழைத்து வந்தவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்திருக்கலாம். மாறாக, தாம் கண்டதைப் பிறரும் காணவேண்டும் என்று தீர்மானித்தார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸின் த்ரோக்கதெரோ சதுக்கத்திலிருந்து 182 ஊர்திகள் டக்கார் நோக்கிக் கிளம்பின. தொலைவு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். 1979 ஜனவரி 14 அன்று செனகலின் தலைநகரை எட்டியவை 74 மட்டுமே. யமஹா எக்ஸ்டி500 வண்டியில் வந்த சிரில் நெவ்யூ முதலிடம் பெற்றார்.

போகிறவர்களுக்கு இது ஓர் அறைகூவல், பின்தங்கி இருப்பவர்களுக்கு ஒரு கனவு என்ற பொருள்பட சபீன் சொன்னது பந்தயத்தின் முத்திரை வாசகமாக நிலைத்தது. நல்ல வாசகம்தான். ஆனால் போகிறவர்கள், வீட்டில் இருந்து பார்ப்பவர்கள் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்துவிட்டால், மூன்றாவது கூட்டம் ஒன்றுக்கு இடமில்லாமல் போகிறது. பந்தயம் கடந்துசெல்லும் ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

அந்த மூன்றாம் கூட்டத்தார் வழி அறிந்தவர்கள். நைஜரின் தெனெரே பகுதியில் துவாரெக் மக்களின் உப்பு வணிக ஒட்டகச் சாத்துகள் அகதேஸுக்கும் பில்மாவுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக நடந்தன. தெனெரே என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் பாலை என்றே பொருள். சஹாரா என்பதும் அரபியில் அதையே குறிக்கும். ஆகவே நாம் 'சஹாரா பாலைவனம்' என்பது ஏறக்குறைய 'நடு சென்டர்' கதைதான். (தமிழரின் பாலைத்திணையே மணல்வெளி அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்த நிலம் அது. அங்கே வழி உண்டு, வழிப்போக்கர் உண்டு, வழிமறிக்கும் கள்வரும் உண்டு. ஆளற்ற மணற்பரப்பு என்ற சித்திரம் அச்சொல்லோடு எப்போது ஒட்டிக்கொண்டது என்பது தனியே ஆராயத்தக்கது.)

பந்தயக்காரர்கள் வழி கண்ட முறை வேறு. அவர்கள் கையில் இருந்தது வழிப்புத்தகம். மோட்டார் சைக்கிளில் அது நீண்ட காகிதச் சுருள். கைப்பிடிக்கு மேலுள்ள பெட்டியில் செருகி, ஓட்டியபடியே உருட்டி உருட்டிப் படிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தொலைவு, ஒரு சிறு அம்புக்குறிப் படம், பாகைக் கணக்கில் ஒரு திசை. அபாயம் என்றால் ஆச்சரியக்குறி. ஒரு குறி என்றால் கவனம், மூன்று என்றால் உயிருக்கே ஆபத்து. பல்லாண்டுகள் வரை அது முந்தைய நாள் மாலையில் வழங்கப்பட்டுவந்தது. நாள் முழுதும் வண்டியோட்டிக் களைத்தவர்கள் கூடாரத்தில் அமர்ந்து, பள்ளிப் பிள்ளைகள்போல் வண்ணப் பேனாக்களால் அதில் அடையாளமிட்டுக்கொண்டிருப்பார்கள். 1992இல் ஜிபிஎஸ் நுழைந்தது. பிற்காலத்தில் அதற்கும் கடிவாளம் போட்டார்கள். ஊர்தி குறிப்பிட்ட புள்ளியை நெருங்கினால் மட்டுமே கருவி விழித்துக்கொள்ளும், முழு வழியையும் காட்டாது. வழி தவறும் சாத்தியம் இல்லாமற் போனால் பந்தயமே இல்லை என்பதை அமைப்பாளர்கள் உணர்ந்திருந்தனர். எங்களைக் கேட்டால், இப்பந்தயத்தின் மெய்யான ஆவணம் அந்தக் காகிதச் சுருள்களே. அவற்றில் எங்கே பள்ளம், எங்கே திருப்பம் என்பதாவது இருக்கிறது.

தவறியவர்கள் பலர். 1982 ஜனவரியில் அன்றைய பிரிட்டன் பிரதமரின் மகன் மார்க் தாட்சர் அல்ஜீரியப் பாலையில் காணாமற்போய், ஆறு நாட்களுக்குப் பின் தடத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் விலகிய இடத்தில் கண்டெடுக்கப்பட்டார். உலகப் பத்திரிகைகள் யாவும் அதை எழுதின. மறு ஆண்டு தெனெரேயில் மணற்புயல் அடித்து, 40 ஓட்டுநர்கள் திசை தப்பினர். பந்தயத்தின் புகழ் இவற்றால் குறையவில்லை, வளர்ந்தது.

1986 ஜனவரி 14 அன்று மாலியில் மணற்புயலில் சிக்கிய ஹெலிகாப்டர் விழுந்து சபீன் உட்பட ஐவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பாடகர் தானியேல் பலவுவான். ஆப்பிரிக்க ஊர்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகள் வழங்கும் பணிக்காக வந்திருந்தவர். அந்த மரணங்கள் பிரான்சை உலுக்கின, இன்றளவும் நினைவுகூரப்படுகின்றன.

1988இன் மரணங்களுக்கு அந்த நினைவு வாய்க்கவில்லை. அவ்வாண்டு மாலியில் சாலையைக் கடந்த பத்து வயதுச் சிறுமி பந்தய ஊர்தி மோதி இறந்தாள். பந்தயத்தின் கடைசி நாளில் மொரிட்டானியாவில் ஒரு தாயும் மகளும் கொல்லப்பட்டனர். அவர்கள்மீது மோதியது போட்டியாளரின் வண்டி அன்று. படம்பிடிக்கச் சென்ற குழுவின் வண்டி. நாம் வீட்டில் அமர்ந்து வியந்த காட்சிகளைத் தேடி ஓடிய வண்டி என்று சொன்னால் மிகையாகாது. பசியாலும் தாகத்தாலும் மனிதர் மடியும் இடத்தில் இது செல்வத்தின் அநாகரிகமான காட்சி என்று வத்திக்கான் நாளேடு அந்நாளில் கண்டித்தது. பந்தயம் அடுத்த ஆண்டும் நடந்தது. படங்களில் மணல்மேடுகள் முன்போலவே ஆளரவமற்று ஒளிர்ந்தன. சட்டகத்துக்குள் ஊர்க்காரர் நுழைந்தால், பெரும்பாலும் ஓரமாக நின்று கையசைக்கும் சிறுவர்களாகவே நுழைந்தார்கள்.

2007 டிசம்பரில் மொரிட்டானியாவில் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் நால்வர் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, லிஸ்பனிலிருந்து புறப்படவிருந்த 2008ஆம் ஆண்டுப் பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய நாளன்று ரத்து செய்யப்பட்டது. 2009 முதல் 2019 வரை அது தென்னமெரிக்காவில் நடந்தது. 2020 முதல் சவூதி அரேபியாவில் நடைபெற்றுவருகிறது. பெயர் மட்டும் இன்னமும் டக்கார். பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் 2015இல் இப்பந்தயத்தை ஓட்டி முடித்த முதல் இந்தியர் ஆனபோது நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அவர் ஓடிய தடம் அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்தது. டக்கார் நகரத்துக் கடற்கரை அந்த ஜனவரியில் பந்தய ஊர்தி எதையும் காணவில்லை. ஒரு கண்டத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறியும் படங்களில் பெரிய மாற்றம் தெரியாததற்குக் காரணம், அவற்றில் முன்பும் அந்தக் கண்டம் அதிகமாக இருந்ததில்லை என்பதுதான்.

தெனெரேயில் ஒற்றை வேலமரம் ஒன்று நின்றது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வேறு மரம் கிடையாது. ஆகவே சாத்துகள் அதை அடையாளமாகக் கொண்டன, நிலப்படங்களும் அதைக் குறித்தன. 1930களின் இறுதியில் அருகே கிணறு தோண்டியபோது அதன் வேர் 30 மீட்டருக்கும் கீழே இறங்கி நீரைத் தொட்டிருந்தது தெரியவந்தது. அத்தனை பெரிய வெளியில் அந்த ஒரு மரத்தின்மீது 1973இல் ஒரு லாரி மோதிச் சாய்த்தது. முறிந்த மரம் நியாமே நகரத்துத் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அது நின்ற இடத்தில் உலோகத்தாலான மரம் ஒன்று நடப்பட்டது.

சபீனின் சாம்பலும் அதே தெனெரேயில்தான் தூவப்பட்டது. அங்கே 'தொலைந்த மரம்' என்று அழைக்கப்பட்டுவந்த வேறொரு மரத்துக்கு இப்போது அவருடைய பெயர்.