ஊருக்கு வந்த வங்கி

ஊரிலே வங்கிக் கிளையொன்று புதிதாகத் திறக்கப்படும் நாளில் குத்துவிளக்கு ஏற்றப்படுகின்றது. முதற் கணக்கும் ஆரம்பிக்கப்படுகின்றது. சில மணி நேரத்தில் நிறைவுறும் அவ்வைபவத்தின் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இலங்கையில் வங்கிகள் இருந்தன. ஆயினும் அவை பிறநாட்டு வங்கிகள். கொழும்புக் கோட்டையில் அமர்ந்து, பெருந்தோட்டங்களுக்கும் ஏற்றுமதி இறக்குமதி வணிகத்துக்குமே அவை பெரிதும் பணம் உதவின. சுதேச வணிகருக்கு அவற்றின் கதவு எளிதில் திறக்கவில்லை. அவர்கள் நாடிச் சென்றது செட்டியார் தெருவிலிருந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கிட்டங்கிகளையே. செட்டிமாரோ அவ்வங்கிகளிடம் தாம் பெற்ற கடனையும் சேர்த்துக் கூடிய வட்டிக்குக் கொடுத்தனர். வட்டி மிகுதியெனினும், கடன் கேட்பவரின் தொழிலையும் நாணயத்தையும் அவர்கள் நேரில் அறிந்திருந்தனர்.

1925ஆம் ஆண்டில் செட்டியார் நிறுவனமொன்று முறிவடைந்தது. அச்சமுற்ற வங்கிகள் செட்டிமாருக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கின. 1929ஆம் ஆண்டிலே தொடங்கிய உலகப் பொருளாதார மந்தமும் உடன்சேர, சுதேச வணிகருக்கு இருந்த வழியும் ஒடுங்கிற்று.

இந்நிலையை ஆராய 1934ஆம் ஆண்டில், பம்பாயைச் சேர்ந்த வங்கியாளர் சேர் சொராப்ஜி பொச்கானாவாலாவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அரசாங்கத்தின் ஆதரவுடன் சுதேச வங்கியொன்று அமைதல் வேண்டுமென அது விதந்துரைத்தது. அதன் பயனாக 1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி இலங்கை வங்கி தொழிற்படத் தொடங்கியது. 1941ஆம் ஆண்டிலே கண்டியிலும் அதன் கிளை திறக்கப்பட்டது. தலைநகரின் எல்லையை வங்கி கடந்தது அவ்வாறே.

எனினும், கிராமத்துக் கமக்காரன் இன்னும் தொலைவிலேயே நின்றான். விதைப்புக் காலத்தில் நகையை அடைவு வைப்பதும், அறுவடையில் நெல்லைக் கொடுத்துக் கடன் தீர்ப்பதும் அவனுக்கு வழக்கமாயிருந்தன. 1961ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி, கூட்டுறவுச் சமஷ்டி வங்கியின் வழித்தோன்றலாக மக்கள் வங்கி நிறுவப்பட்டது. கூட்டுறவு இயக்கத்தையும் கிராமியக் கடன் வசதியையும் வளர்ப்பது அதன் நோக்கங்களுட் சில. அதே ஆண்டில் இலங்கை வங்கியும் அரசுடைமையாயிற்று. 1973ஆம் ஆண்டு தொடக்கம் விவசாய சேவை நிலையங்களிலும் இலங்கை வங்கி சிறு கிளைகளை அமைத்தது.

கோட்டையிலிருந்து கண்டிக்கும், கண்டியிலிருந்து வயலோரத்துக்கும் வங்கியின் வாசல் நகர்ந்து வந்த கதை இது. ஆனால் வாசல் அண்மையில் இருப்பது மாத்திரம் போதாது. கிட்டங்கியிலே வட்டி கடுமையாயிருந்தும், கடன் கேட்டு வந்தவரை அறிந்த ஒருவர் அங்கு அமர்ந்திருந்தார். குறைந்த வட்டியோடு அந்த அறிமுகத்தையும் எந்தக் கிளை தருகின்றதோ, அதுவே ஊரின் வங்கி எனும் பெயருக்கு உரியதாகும்.