பாரிஸில் உருவான பேரங்காடி

பல துறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துறைக்கும் தனிக் கொள்முதல் பொறுப்பாளரும் தனிக் கணக்கும் இருக்க, அனைத்தும் ஒரே உரிமையின்கீழ் ஒரே கட்டடத்தில் இயங்கும் சில்லறை விற்பனை நிலையமே பல்துறைப் பேரங்காடி எனப்படுகிறது. தமிழ்நாட்டில் மளிகையும் அன்றாடப் பொருள்களும் விற்கும் நடுத்தரக் கடைகள் டிபார்ட்மென்டல் ஸ்டோர் என்ற பெயரைத் தாங்கி நிற்பதால், அவற்றிலிருந்து வேறான இந்த நிறுவனத்தைப் பேரங்காடி என்றே இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இது உருப்பெற்றது. எனினும் அதன் இயல்பையும் அது கேட்ட விலையையும் முழுமையாகக் காட்டும் சான்று பாரிஸின் இடக்கரையில் உள்ள ‘ல பான் மார்ஷே’ என்ற கடைதான்.

பேரங்காடிக்கு முந்தைய பாரிஸில் வணிகம் தொழிற்குழுக்களின் கட்டுப்பாட்டில் இருந்தது. யார் எந்தச் சரக்கை விற்கலாம், எவ்வாறு விற்கலாம் என்பதை இக்குழுக்களே வரையறுத்தன. கையுறை விற்பவர் தொப்பி விற்க முனைந்தால் அது வழக்காக மாறியது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1791-இல், இக்குழுக்கள் ஒழிக்கப்பட்ட பின்னரே ஒரு வணிகர் தாம் விரும்பிய சரக்கையெல்லாம் ஒரே இடத்தில் குவிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. ஆயினும் வழக்கம் சட்டத்தைப்போல் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பொருளுக்கு விலைச்சீட்டு கிடையாது. வருபவரின் உடையையும் பேச்சையும் பார்த்துக் கடைக்காரர் ஒரு விலை சொல்வார், அதிலிருந்து பேரம் தொடங்கும். உள்ளே நுழைந்தவர் எதையாவது வாங்கிச் செல்ல வேண்டும் என்பது எழுதப்படாத விதி. வாங்காமல் திரும்புவது கடைக்காரரை அவமதிப்பதாகக் கருதப்பட்டது. வாங்கிய பொருளைத் திருப்பித் தருவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்நிலையை முதலில் தளர்த்தியவை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் தோன்றிய ‘மகசேன் த நுவோத்தே’ எனப்பட்ட புதுவகைத் துணிக்கடைகள். பட்டு, கம்பளி, சால்வை, சரிகைப்பின்னல், கையுறை, குடை ஆகியவற்றை ஒருங்கே விற்ற இக்கடைகள் சில பொருள்களுக்கு விலை எழுதி ஒட்டவும், கண்ணாடிச் சாளரங்களில் சரக்கைக் காட்சிக்கு வைக்கவும், செய்தித்தாள்களில் விளம்பரம் செய்யவும் தொடங்கின. அவற்றுள் பாக் தெருவில் இருந்த பெத்தி சேன் தோமா குறிப்பிடத்தக்கது. ஏனெனில் நார்மண்டிப் பகுதியின் பெல்லேம் ஊரில் 1810-இல் ஒரு தொப்பிக்காரரின் மகனாகப் பிறந்த அரிஸ்தீத் பூசிக்கோ தொழில் கற்றது அங்குதான். ஏழைக் கிராமத்துக் குடும்பத்திலிருந்து பாரிஸுக்கு வந்த மார்கரித் கெராங் அவருடைய மனைவியானார். இவ்விருவரின் கூட்டு உழைப்பு என்றே பான் மார்ஷேயின் வரலாற்றைக் கொள்ள வேண்டும். பல நூல்கள் கணவரின் பெயரோடு நின்றுவிடுவது நியாயமன்று.

பான் மார்ஷேயை நிறுவியவர் பூசிக்கோ அல்லர். வீதோ சகோதரர்கள் 1838-இல் தொடங்கிய அக்கடையில் அவர் 1852-இல் பங்காளியாகச் சேர்ந்தபோது, அது நான்கு துறைகளும் பன்னிரண்டு ஊழியர்களும் கொண்டதாய், ஆண்டுக்கு 4,50,000 பிராங்க் விற்பனை செய்துவந்தது. பதினோரு ஆண்டுகளில் விற்பனை 70 லட்சம் பிராங்கை எட்டியது. புதிய பங்காளியின் வேகத்தைக் கண்டு அஞ்சிய வீதோ 1863-இல் தம் பங்கை விற்று விலகினார். அமெரிக்காவில் பொருளீட்டித் திரும்பிய மாயார் என்பவரின் பண உதவியுடன் பூசிக்கோ முழு உரிமையாளரானார்.

இந்த வளர்ச்சிக்கு அடிப்படையாக இருந்தது ஓர் எளிய கணக்கு. பழைய கடைக்காரர் குறைவாக விற்று, விற்றதில் பெருலாபம் பார்ப்பவர். அவருடைய முதல் சரக்காக அலமாரியில் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. பூசிக்கோ லாப விகிதத்தைக் குறைத்து, சரக்கு விற்றுத் தீரும் வேகத்தைக் கூட்டினார். 1,000 பிராங்க் மதிப்புள்ள சரக்கை நூற்றுக்கு நாற்பது லாபத்தில் ஆண்டுக்கு ஒருமுறை விற்பவருக்குக் கிடைப்பது 400 பிராங்க்; அதே முதலை நூற்றுக்குப் பதினைந்து லாபத்தில் ஆண்டுக்கு நான்குமுறை புரட்டுபவருக்குக் கிடைப்பது 600 பிராங்க். வாங்குபவருக்கு விலை குறைவு, விற்பவருக்கு வருவாய் அதிகம் என்ற இந்த நிலை கூடிவர வேண்டுமானால் சரக்கு ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பேரங்காடியின் மற்ற வழக்கங்கள் யாவும் இந்த ஒரு தேவையிலிருந்து கிளைத்தவையே. ஒவ்வொருவரிடமும் பேரம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை என்பதால் விலை எல்லாருக்கும் ஒன்றாக்கப்பட்டு வெளிப்படையாக எழுதப்பட்டது. கூட்டம் வர வேண்டும் என்பதால் யாரும் வாங்காமலே சுற்றிப் பார்த்துச் செல்லலாம் என்று கதவு திறந்துவிடப்பட்டது. வாங்கத் தயங்குபவரின் தயக்கத்தை நீக்கவே, பிடிக்காத பொருளைத் திருப்பித் தந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை அளிக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவை வணிகரின் பெருந்தன்மையாகத் தோன்றும். கணக்கின் கட்டாயமே இவற்றைப் பிறப்பித்தது என்றாலும், ஏழையும் செல்வரும் ஒரே விலை கொடுக்கும் நிலை வணிக வாழ்வில் நிகழ்ந்த உண்மையான சமத்துவம் என்பதை மறுக்க இயலாது.

நகரம் மாறாமல் இத்தகைய கடை தழைத்திருக்க முடியாது. 1853 முதல் 1870 வரை பாரிஸ் வட்டார ஆட்சித் தலைவராக இருந்த ஒஸ்மான் குறுகிய சந்துகளை இடித்து அகன்ற நெடுஞ்சாலைகளை அமைத்தார். குதிரை பூட்டிய ஆம்னிபஸ் வண்டிகள் தொலைதூரப் பேட்டைகளில் இருந்தவர்களையும் நகர நடுவுக்குக் கொண்டுவந்தன. இருப்புப்பாதை மாகாணங்களைப் பாரிஸோடு இணைத்தது. 1869-இல் செவ்ர் தெருவில் பூசிக்கோ புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். கட்டடக் கலைஞர் லூயி-ஷார்ல் புவாலோவின் வடிவமைப்பில், பொறியாளர் குஸ்தாவ் ஈஃபெலின் நிறுவனமும் பங்கேற்க, இரும்புச் சட்டகத்தின்மேல் கண்ணாடிக் கூரை வேய்ந்து பல கட்டங்களாக எழுந்த அது 1887-இல் நிறைவடைந்தது. இரும்புத் தூண்கள் பாரத்தைத் தாங்கியதால் தடித்த உட்சுவர்கள் தேவைப்படவில்லை. கூரை வழியே இறங்கிய பகல் வெளிச்சத்தில் துணியின் உண்மை நிறம் தெரிந்தது. உள்ளே வாசிப்புக்கூடமும் படக்காட்சிக் கூடமும் இருந்தன. மாலைகளில் ஊழியர்களின் இசைக்குழு கச்சேரி நடத்தியது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் துணையின்றித் தனியே வந்து பொழுதைக் கழிப்பதற்கு ஊர் வாய்க்கு அஞ்சாமல் கிடைத்த இடங்கள் அன்று மிகச் சில. அவற்றுள் ஒன்றாகப் பேரங்காடி அமைந்தது.

கடையின் உள்ளமைப்பு, பல சிறு கடைகளை ஒரு கூட்டுக்குள் அடக்கியதுபோல் இருந்தது. ஒவ்வொரு துறைத் தலைவரும் தம் துறைக்கான கொள்முதலைத் தாமே செய்து, விலையைத் தாமே நிர்ணயித்து, ஆண்டு இறுதியில் விற்பனை உயர்வுக்கு ஏற்பப் பங்கு பெற்றார். விற்பனையாளருக்குச் சிறு சம்பளத்தோடு, விற்ற ஒவ்வொரு பொருளுக்கும் ‘கெல்த்’ எனப்பட்ட கழிவுத்தொகை கிடைத்தது. பொருள் விற்றதும் அவர் தம் குறிப்பேட்டில் அதைப் பதிந்து, வாங்கியவரைக் காசாளரின் மேசைக்கு அழைத்துச் சென்று, பொருளையும் விலையையும் உரக்கச் சொல்ல, காசாளர் அதைப் பேரேட்டில் எழுதிப் பணம் பெற்றார். பின்னர் இரு பதிவுகளும் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன. ஆயிரக்கணக்கான கைகள் பணத்தையும் சரக்கையும் தொடும் ஓரிடத்தில் எவரையும் நேரில் அறியாத முதலாளி கணக்கைக் காத்துக்கொண்டது இவ்வாறுதான்.

தபால்வழி வணிகம் இக்கடையின் மற்றொரு கை. துணி மாதிரிகளும் படங்களும் அடங்கிய விலைப்பட்டியல்கள் நாடெங்கும் அனுப்பப்பட்டன. 25 பிராங்குக்கு மேல் வாங்கியவர்களுக்குச் செலவின்றிப் பொருள் வந்துசேர்ந்தது. 1894-இன் குளிர்காலப் பருவத்துக்கு மட்டும் அச்சான விலைப்பட்டியல்கள் சுமார் 15 லட்சம். விற்பனை மந்தமாகும் மாதங்களுக்கும் வழி கண்டார்கள்: கிறிஸ்துமஸ் முடிந்து கடை வெறிச்சோடும் ஜனவரி - பிப்ரவரியில் விரிப்பு, துண்டு, உள்ளாடை போன்ற வெள்ளைத்துணிகளுக்கென்று தனி விற்பனை நடத்தப்பட்டது. ஆடிமாதத் தள்ளுபடியை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் தருக்கம் விளக்கமின்றியே புரியும்.

இத்தனை வேகத்தையும் தாங்கிப் பிடித்தவர்கள் ஊழியர்கள். 1880-களின் இறுதியில் பான் மார்ஷேயில் சுமார் மூவாயிரம் பேர் வேலை செய்தனர். காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை இரவுவரை நீண்டது. மணமாகாத விற்பனைப் பெண்கள் பலர் கடையின் மேல்மாடி அறைகளிலேயே தங்கி, கடையின் சமையற்கூடத்திலேயே உண்டு, குறித்த நேரத்தில் விளக்கணைத்து வாழ்ந்தனர். 1869-இன் இலையுதிர்காலத்தில் பாரிஸின் துணிக்கடை ஊழியர்கள் ஞாயிறு விடுமுறையும் பன்னிரண்டு மணி நேர வேலைநாளும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பன்னிரண்டு மணி நேரம் என்பதே அவர்கள் கேட்ட சலுகை என்பதிலிருந்து அதுவரை இருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அப்போராட்டம் தோல்வியில் முடிந்தது. பூசிக்கோ தம்பதி பின்னர் 1876-இல் ஐந்தாண்டு பணியாற்றியவர்களுக்குக் கடையின் லாபத்திலிருந்து சேமநிதி ஏற்படுத்தினர். கணவர் 1877-இலும் ஒரே மகன் 1879-இலும் இறந்தபின் நிர்வாகத்தை ஏற்ற மார்கரித், 1880-இல் துறைத் தலைவர்களையும் ஊழியர்களையும் நிறுவனப் பங்காளிகளாக்கி, 1886-இல் ஓய்வூதிய நிதியும் நிறுவினார். 1887-இல் இறந்தபோது பாரிஸில் மருத்துவமனை கட்டப் பெரும்பொருள் எழுதிவைத்தார். அக்காலத்து முதலாளிகளிடையே இது அரிய செயல். ஆனால் ஒழுங்கு தவறிய ஊழியர் ஒரு சொல்லில் வெளியேற்றப்படும் நிலையும் இதே கடையில்தான் இருந்தது. அறமும் ஆதிக்கமும் அங்கு ஒன்றையொன்று தாங்கி நின்றன.

விற்பனைப் பெண்கள் நாள் முழுதும் நின்றபடியே வேலை செய்ய வேண்டியிருந்ததைப் பற்றி மருத்துவர்களும் தொழிற்சங்கத்தினரும் ஆண்டுக்கணக்கில் எழுதினர். வாடிக்கையாளர் கண்ணில் ஊழியர் அமர்ந்திருப்பது சோம்பலாகத் தோன்றும் என்பதே முதலாளிகளின் வாதம். 1900 டிசம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றம், பெண்கள் வேலை செய்யும் கடைகளில் அவர்களின் எண்ணிக்கைக்கு இணையான இருக்கைகள் இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. ‘இருக்கைச் சட்டம்’ என்றே அது அழைக்கப்பட்டது.

பேரங்காடிக்கு எதிர்ப்பும் இருந்தது. சிறுவணிகர்கள் 1888-இல் பாரிஸில் தங்களுக்கெனக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்து, பெருங்கடைகள்மீது துறைவாரியாகக் கூடுதல் வரி விதிக்கக் கோரினர். எமில் ஸோலா பான் மார்ஷேயிலும் லூவ்ர் பேரங்காடியிலும் நேரில் குறிப்பெடுத்து 1883-இல் வெளியிட்ட ‘ஓ போனர் தே தாம்’ நாவலில், ஒரு பெருங்கடையின் நிழலில் அக்கம்பக்கத்துச் சிறுகடைகள் ஒவ்வொன்றாக நொடிந்துபோவதைக் காட்டினார்.

பான் மார்ஷேயில் தொழில் பயின்றவர்களே போட்டிக் கடைகளைத் தொடங்கினர்: 1865-இல் பிராந்தான் கடையை நிறுவிய ழூல் ழாலுஸோவும், கணவர் எர்னெஸ்ட் கோஞாக்குடன் சமாரித்தேன் கடையை வளர்த்த மரி-லூயீஸ் ழேயும் அங்கிருந்து வந்தவர்கள். ஆனால் முதல் பேரங்காடி பாரிஸினுடையதே என்று அறுதியிட்டுச் சொல்வது சரியாகாது. நியூயார்க்கில் ஏ. டி. ஸ்டூவர்ட் 1846-இலேயே சலவைக்கல் மாளிகையில் பெருங்கடை திறந்தார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பெயின்பிரிட்ஜ் கடை 1849-இல் துறைவாரியாகக் கணக்கு வைத்திருந்தது. நிலையான விலையோ இவற்றினும் மிக மூத்தது: எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், மிட்சுயி குடும்பத்தின் எச்சிகோயா துணிக்கடை 1683-இலேயே ரொக்கத்துக்கு ஒரே விலை என்று அறிவித்து விற்றது; 1904-இல் மிட்சுகோஷி என்ற பெயரில் பேரங்காடியாக மாறுவதாக அறிவித்துக்கொண்டதும் அதே கடைதான். தனித்தனியே இருந்த வழக்கங்களை ஒரு கணக்கின்கீழ்க் கோத்துப் பேரளவில் நடத்திக் காட்டியது பூசிக்கோவின் சாதனை.

சென்னைக்கு இந்த வடிவம் ஆங்கிலேயர் வழியாக வந்தது. மவுண்ட் ரோட்டில் 1863-இல் தொடங்கிய ஸ்பென்சர் நிறுவனம், யூஜின் ஓக்ஷாட்டின் பொறுப்பில் 1890-களின் நடுப்பகுதியில் டபிள்யூ. என். போக்சன் வடிவமைத்த இந்தோ-சாரசெனிக் மாளிகைக்கு இடம்பெயர்ந்து, 1983-இல் தீ விபத்தில் அக்கட்டடம் அழியும்வரை நகரின் அடையாளமாக விளங்கியது. ஆனால் அதன் வாடிக்கையாளர்கள் நெடுங்காலம் ஆட்சியாளரும் உயர்குடியினருமே; பேரங்காடியின் வடிவம் வந்ததே தவிர அதன் கணக்கு வரவில்லை. குறைந்த லாபம், பெருங்கூட்டம், ஓயாத சரக்கோட்டம், ஊழியர்களுக்கு விடுதியும் உணவும் என்ற முழு அமைப்பும் சென்னையில் வேரூன்றியது பிந்தைய பத்தாண்டுகளின் தியாகராய நகர்ப் பெருங்கடைகளில்தான். பாரிஸின் பான் மார்ஷேயோ 1984-இல் பெர்னார் ஆர்னோவின் கைக்கு மாறி, இன்று விலை உயர்ந்த ஆடம்பரப் பொருள்களின் கடையாக இயங்குகிறது. கடை ஊழியர் வேலைநேரத்தில் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்ற கடமையைக் கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் சட்டத்திருத்தத்தின் மூலம் கடை உரிமையாளர்களுக்கு விதித்தன. பிரான்சின் இருக்கைச் சட்டத்துக்கும் தமிழ்நாட்டின் திருத்தத்துக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேலான கால இடைவெளி உண்டு.