காற்புள்ளி வந்த வழி

'இன்று' என்னும் சொல் எப்பக்கம் சேரும் என்பதைப் பொறுத்து, சிலுவையில் தொங்கிய கள்வன் பெற்ற வாக்குறுதியே மாறிவிடக்கூடும். லூக்கா 23:43ஐ ஆங்கிலத்தில் வாசிப்போர் இதனை அறிவர். அச்சொல்லுக்கு முன் காற்புள்ளி நின்றால், அவன் இன்றே வான்வீடு புகுவான். பின் நின்றால், சொல்வது மட்டும் இன்று, புகுவது என்றைக்கோ! திருச்சபை முன்னதையே கொள்கிறது. பழங்காலக் கிரேக்கப் படிகளிலோ இத்தகைய குறிகள் பெரும்பாலும் இல்லை.

வாசிப்பவர் தடுமாறக் கூடாது என்ற அக்கறையில் பிறந்ததே காற்புள்ளி. கி.மு. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவின் அரிஸ்தோபானிஸ், வாசகர் நிறுத்தவேண்டிய இடங்களைப் புள்ளிகளால் காட்டினார். 'கொம்மா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெட்டிய துண்டு என்பது பொருள். புனித எரோணிமுஸ் எசாயா நூலை இலத்தீனில் பெயர்த்தபோது, அதனைச் சிறு சிறு வரிகளாகப் பிரித்து எழுதியதும் இந்நோக்கத்தோடுதான். இன்றைய வளைந்த வடிவம், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து ஆல்டுஸ் மனூத்தியுஸ் அச்சகத்தில் உருப்பெற்றது.

தமிழின் கதை வேறு. ஓலையில் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே மெய்யெழுத்தின் புள்ளியையே ஏட்டில் விட்டுவிட்டனர். 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' நூலிலும் மெய்களுக்குப் புள்ளி கிடையாது. இது குறையன்று, நம் மொழி தன் பிரிப்புகளைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருந்தது. 'ஏலமும் மிளகும் காப்பியும்' என்னும்போது 'உம்' பிரித்துவிடுகிறது. 'என்று' வந்தால் கூற்று அங்கே முடிந்தது. மேற்சொன்ன லூக்கா வசனத்தைத் தமிழில் பெயர்ப்பவர், 'இன்று' என்பதை எங்கே வைப்பது என்று சொல்லமைப்பிலேயே தீர்மானித்தாக வேண்டும். குறியின் பின்னால் ஒளிந்துகொள்ள இயலாது.

தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை நிலைபெறச் செய்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். பின்னர்க் கிறிஸ்தவ மறைப்பணியை வன்மையாக எதிர்த்தவர். கடன் கடன்தானே! கால், அரை, முக்கால், முற்று என நம்மவர் வைத்த பெயர்களோ மூச்சின் அளவையே நினைவூட்டுகின்றன.

நம் இளைஞர் ஆங்கிலத்தில் இடறுவதும் இங்கேதான். நீண்ட எழுவாய்க்குப் பின் மூச்சு வாங்கித் தமிழில் காற்புள்ளி இடுகிறோம்; உறுத்துவதில்லை. இன்றைய ஆங்கிலம் அதைப் பிழையென்னும். அங்கே எழுவாயையும் பயனிலையையும் ஒற்றைக் காற்புள்ளியால் பிரித்தல் ஆகாது. அம்மொழியில் அக்குறி மூச்சுக்கு ஊழியம் செய்வதை விட்டு, இலக்கணத்திற்கு ஊழியம் செய்யத் தொடங்கி நெடுங்காலமாயிற்று.

பொட்டிபுரம் பக்கத்து வழக்கு ஒன்றைக் கொள்வோம். 'மலைக்குச் சென்ற பெண்கள் கூலி பெற்றனர்.' அனைவரும் சென்றனரா, சிலர் வீட்டில் இருந்தனரா? தமிழ் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் 'மலைக்குச் சென்ற' என்னும் பகுதியைப் பெண்கள் என்ற சொல்லுக்குப் பின்னே வைத்து, அதன் இருபுறமும் காற்புள்ளி இட்டால், எல்லாரும் சென்றனர், எல்லாரும் பெற்றனர். இரண்டையும் நீக்கினால், சென்றவருக்கு மட்டுமே கூலி. ஏலத்தோட்டக் கூலிக்காக மனு எழுதிக் கொடுப்பவர் கையில் அந்த இரு குறிகளும் இருக்கின்றன.