நீராவி வெப்பமூட்டல்

நீராவி வெப்பமூட்டல் என்பது கொதிகலனில் உருவாக்கப்படும் நீராவியைக் குழாய்கள் வழியாக அனுப்பி, அது மீண்டும் நீராக ஒடுங்கும்போது வெளிவிடும் வெப்பத்தைப் பயன்படுத்தும் முறை ஆகும். குளிர்நாடுகளில் கட்டிடங்களைச் சூடேற்றவும், சாயமேற்றல், நெல் அவித்தல், பால் பதப்படுத்தல் போன்ற தொழில்களிலும் இது பயன்படுகிறது. நீராவியைப் பரப்பப் பம்பு தேவையில்லை. ஆனால் ஒடுங்கிய நீரை உடனுக்குடன் அகற்றாவிட்டால் இம்முறை ஆபத்தானதாக மாறும்.

உள்ளுறை வெப்பம்

1 கிலோகிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்க ஏறத்தாழ 419 கிலோஜூல் வெப்பம் போதும். அதே நீரை, வெப்பநிலை சற்றும் உயராமல், நீராவியாக மாற்ற மேலும் 2,257 கிலோஜூல் தேவை. இது உள்ளுறை வெப்பம் எனப்படும். நீராவி ஒடுங்கும் இடத்தில் இது முழுவதும் திரும்பக் கிடைக்கிறது. நீராவி, அதே எடையுள்ள கொதிநீரை விடக் கடுமையாகச் சுடுவது இதனாலேயே.

நீராவி நகரும் விதம்

வளிமண்டல அழுத்தத்தில் நீராவி, தான் உருவான நீரைப் போல் ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை அடைக்கிறது. வெப்பப் பரிமாற்றியின் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகும்போது இப்பருமன் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அங்கு அழுத்தம் குறைவதால், கொதிகலன் பக்கமிருந்து புதிய நீராவி விரைந்து வருகிறது. எவ்வளவு வெப்பம் எடுக்கப்படுகிறதோ அவ்வளவு நீராவி தானாகவே வந்து சேரும். நீராவி தள்ளப்படுகிறது என்பதை விட இழுக்கப்படுகிறது எனக் கொள்வது புரிதலுக்கு எளிது. கண்டிப்பாகச் சொன்னால் இரண்டும் ஒரே அழுத்த வேறுபாட்டின் விளைவே.

குழாயில் உள்ள காற்று இவ்வாறு ஒடுங்குவதில்லை. அது கடைசி மூலைக்குத் தள்ளப்பட்டு அங்கேயே தங்கி நீராவியைத் தடுக்கும். ஒரு ரேடியேட்டரின் பாதி சூடாகவும் மறுபாதி குளிர்ந்தும் இருந்தால், பெரும்பாலும் காற்றை வெளியேற்றும் வால்வு அடைபட்டிருக்கும்.

ஒடுக்க நீரும் ஸ்டீம் டிராப்பும்

நீரையும் காற்றையும் வெளியே விட்டு, நீராவியை மட்டும் தடுத்து நிறுத்தும் தானியங்கி வால்வு ஸ்டீம் டிராப் எனப்படும். சில வகைகள் மிதவையாலும், சில வெப்பநிலை வேறுபாட்டாலும் இயங்குகின்றன. இது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் நீராவி வீணாகும். எனினும் வெப்பம் தொடர்ந்து கிடைப்பதால் எவரும் எளிதில் கவனிப்பதில்லை. மூடிய நிலையில் சிக்கினால் பரிமாற்றி நீரால் நிரம்பும். டிராப் நன்றாக இருந்தும் நீர் தேங்குவதுண்டு. வெப்பத்தேவை குறையும்போது கட்டுப்பாட்டு வால்வு நீராவியைக் குறைக்கிறது. அப்போது பரிமாற்றியினுள் அழுத்தம், நீர் திரும்பும் குழாயின் அழுத்தத்தை விடத் தாழ்ந்துவிட்டால், நீரை வெளியேற்ற விசை இருக்காது.

நீர்ச் சம்மட்டி

முதன்மைக் குழாய்களில் நீராவி நொடிக்கு 25 முதல் 40 மீட்டர் வேகத்தில் செல்வது வழக்கம். அடியில் நீர் தேங்கினால், நீராவி அதை அலையாக எழுப்பிக் குழாயை அடைக்கும் கட்டியாக்கி, வளைவிலோ வால்விலோ மோதச் செய்யும். இதை விடக் கொடியது, குளிர்ந்த நீரால் சூழப்பட்ட நீராவிக் குமிழி நொடிப்பொழுதில் ஒடுங்குவது; அந்த வெற்றிடத்தை நோக்கி எல்லாப் பக்கமிருந்தும் நீர் பாய்ந்து மோதுகிறது. இவ்விளைவுகள் நீர்ச் சம்மட்டி எனப்படும். இதைத் தவிர்க்கவே குழாய்கள் சற்றுச் சரிவாக அமைக்கப்பட்டு, இடையிடையே வடிகுழிகள் வைக்கப்படுகின்றன. குளிர்ந்த குழாயில் நீராவி வால்வை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது.

நியூயார்க் நகரம்

பேர்ட்சில் ஹாலி 1877 இல் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் நகரில் பல கட்டிடங்களுக்குப் பொதுக் கொதிகலனிலிருந்து நீராவி வழங்கினார். 1882 இல் நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் தொடங்கிய நீராவி வழங்கல் இன்றும் இயங்குகிறது. எம்பயர் ஸ்டேட் கட்டிடமும் இதன் பயனாளர்.

2007 சூலை 18 அன்று மாலை, லெக்சிங்டன் அவென்யூவும் 41 ஆம் தெருவும் சந்திக்குமிடத்தில், 1924 இல் பதிக்கப்பட்ட நீராவிக் குழாய் வெடித்தது. ஒருவர் மாரடைப்பால் இறந்தார், பலர் காயமடைந்தனர். அன்று காலை பெய்த பெருமழையின் நீர் குழாயைச் சூழ்ந்து குளிர்வித்ததால், வழக்கத்துக்கு மாறான அளவில் ஒடுக்க நீர் உருவானது. அதை வெளியேற்ற வேண்டிய ஸ்டீம் டிராப்புகள், முன்பு ஒரு கசிவை அடைக்கச் செலுத்தப்பட்ட எப்பாக்சிப் பசையால் அடைபட்டிருந்தன என ஆய்வில் தெரியவந்தது.